மருத்துவரின் மேசையில் காக்ரேன் நூலகம்

பொது மருத்துவப் பிரிவில் புறநோயாளிகளைப் பார்ப்பது என் வேலை. காய்ச்சல், இருமல், முதுகுவலி, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று வருபவர்களே பெரும்பாலோர். அரிய நோய்களைப் பற்றிய ஆய்வுகளை நான் ஆர்வத்துடன் படிப்பதுண்டு. ஆனால் எனக்கு அன்றாடம் உதவ வேண்டியது இந்தச் சாதாரண நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிதான். அந்த வகையில் நான் அதிகம் நம்பிப் பயன்படுத்தும் இணையச் சேவை காக்ரேன் நூலகம். ஒரு சிகிச்சையைப் பற்றி நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கும் மதிப்பாய்வுகளின் தொகுப்பு அது. படித்து முடித்து இப்போதுதான் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் இளம் மருத்துவர்களை மனத்தில் வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு யார் சொல்வதை நம்புவது என்று குழம்பும் வாசகர்களுக்கும் இது பயன்படலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழிவழியாகச் செய்துவரும் சிகிச்சை ஒன்று உண்மையில் பலன் தருகிறதா என்று சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. எதிரில் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதருக்கு இப்போது என்ன செய்வது என்று கேட்டால், பாதி பதில்தான் அங்கே கிடைக்கும். மீதிப் பாதிக்கு அந்த மனிதரைத்தான் கேட்க வேண்டும்.

இந்தச் சேவைக்குப் பெயர் தந்த ஆர்ச்சி காக்ரேன் ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவர். ஒவ்வொரு துறையிலும் நடந்த குலுக்கல் முறைச் சோதனைகள் அனைத்தையும் திரட்டி, சீர்தூக்கி, அவ்வப்போது புதுப்பித்துத் தரும் ஏற்பாடு மருத்துவத் தொழிலில் இல்லையே என்று 1979இல் அவர் கடிந்து எழுதினார். குலுக்கல் முறைச் சோதனை என்றால், ஒரே நோய் உள்ளவர்களைக் குலுக்கல் போட்டதுபோல் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றதற்கு வெற்று மாத்திரையோ வேறு சிகிச்சையோ கொடுத்து ஒப்பிடுவது. காக்ரேன் 1988இல் காலமானார். அவர் கேட்ட ஏற்பாட்டை அயன் சால்மர்ஸ் முதலானோர் 1993இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கினார்கள். இன்று ஆயிரக்கணக்கான மதிப்பாய்வுகள் அங்கே இருக்கின்றன. மருந்து நிறுவனங்களின் பணத்தில் மதிப்பாய்வு எழுதக் கூடாது என்பது அங்கே விதி. என் நம்பிக்கைக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

தளத்தைத் திறந்ததும் கண்ணில் படும் சின்னத்தை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிட வேண்டாம். நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, அதன் இருபுறமும் நீளமும் குட்டையுமாகச் சில கிடைக்கோடுகள், கீழே ஒரு சிறிய வைரம். ஒவ்வொரு கிடைக்கோடும் ஒரு சோதனை. குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்குமா என்று பார்த்த சோதனைகள் அவை. கோடு நீளமாக இருந்தால் அந்தச் சோதனையின் முடிவில் ஐயம் அதிகம். குட்டையாக இருந்தால் குறைவு. வைரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த முடிவு. செங்குத்துக் கோட்டின் மேலேயே நின்றால் பலனும் இல்லை, கேடும் இல்லை; இடப்புறம் நின்றால் இறப்பு குறைகிறது என்று பொருள். வைரம் இடப்புறம் தெளிவாக விலகி நிற்கிறது. அதாவது, ஊசி உயிர் காக்கிறது.

இதன் தொடக்கம் ஆட்டுக்குட்டிகளில் இருக்கிறது. நியூசிலாந்தில் கிரகாம் லிக்கின்ஸ், ஸ்டீராய்டு பெற்ற செம்மறிக் குட்டிகள் குறைமாதத்தில் பிறந்தும் மூச்சுவிட்டதைக் கவனித்தார். ராஸ் ஹோவியுடன் சேர்ந்து அவர் தாய்மார்களிடம் நடத்திய சோதனை 1972இல் வெளியானது. அடுத்தடுத்து மற்றவர்களும் செய்து பார்த்தார்கள். தனித்தனியே பார்த்தால் பல சோதனைகள் சிறியவை, தெளிவான பதில் தராதவை. சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு 1989இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்களுக்கு இந்த ஊசியின் வலிமை தெரியவில்லை. பல்லாயிரம் குறைமாதக் குழந்தைகள் அதனால் வீணே இறந்திருக்கக்கூடும் என்று காக்ரேன் அமைப்பே சொல்கிறது. மருந்து இருந்தது, சோதனையும் இருந்தது. சேர்த்துப் படிக்க ஆளில்லாமல் போனது. ஓர் அமைப்பு இதையே தன் சின்னமாக வைத்துக்கொண்டதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இனி, மேசைக்கு வருவோம். நான் அதிகம் எடுத்துக் காட்டும் மதிப்பாய்வு தொண்டைவலிக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதைப் பற்றியது. தொண்டைவலியோடு வருபவர் பலர் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், சீக்கிரம் குணமாக ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்கள்." எழுதிக் கொடுத்தால் இருவருக்கும் வேலை சீக்கிரம் முடியும். அந்த மதிப்பாய்வின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்வது இது: ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் தொந்தரவு சராசரியாக ஏறத்தாழ 16 மணி நேரம் முன்னதாகத் தீர்கிறது. மருந்தே இல்லாதவர்களிலும் 82 விழுக்காட்டினர் ஒரு வாரத்துக்குள் நலமாகிவிடுகிறார்கள்.

இந்த 16 மணி நேரம் என்ற எண் என் அறையில் நடக்கும் பேச்சையே மாற்றிவிட்டது. முன்பெல்லாம் "இது வைரஸ், மருந்து வேண்டாம்" என்று சொல்லி அனுப்புவேன். அவர்கள் அரைமனத்தோடு எழுந்து போவார்கள். இப்போது எண்ணையே சொல்கிறேன். "மருந்து சாப்பிட்டால் முக்கால் நாள் முன்னதாகச் சரியாகும். வயிற்றுப்போக்கோ உடலில் தடிப்போ வரும் வாய்ப்பும் உண்டு. சாப்பிடாவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகும். உங்களுக்கு எது சரியாகப்படுகிறது?" என்று கேட்கிறேன். பலர் யோசித்துவிட்டு, "அப்படியானால் வேண்டாம்" என்கிறார்கள். நாளை மறுநாள் மேடையில் பாட வேண்டியவர் அந்த முக்கால் நாளைக் கேட்டு வாங்குகிறார். அவருடைய வாழ்க்கையில் அது பெரிய நேரம். இரண்டு முடிவும் ஒரே ஆராய்ச்சியிலிருந்து வந்தவைதான்.

ஆனால் அதே மதிப்பாய்வில் இன்னொரு வரி இருக்கிறது. அவசரமாகப் படிப்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். சில தொண்டைத் தொற்றுகளைத் தொடர்ந்து வரக்கூடிய, வாதக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் ருமாட்டிக் காய்ச்சலை ஆன்டிபயாடிக் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைக்கிறது. அதைக் காட்டிய சோதனைகள் பெரும்பாலும் 1950களில் நடந்தவை. அந்த நோய் ஏறக்குறைய மறைந்துவிட்ட சமூகத்தில் இந்தப் பலன் மிகச் சிறியது. இன்றும் குழந்தைகளின் இதய வால்வுகளைக் கெடுத்துக்கொண்டிருக்கும் இடத்தில் மிகப் பெரியது. எதிரில் இருக்கும் குழந்தை எந்தச் சூழலிலிருந்து வருகிறது, அந்த வீட்டில் வேறு யாருக்காவது வால்வு நோய் இருக்கிறதா என்பதை நூலகம் எப்படி அறியும்? கேட்டறிய வேண்டியவர் மருத்துவர். சான்றுசார் மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான டேவிட் சாக்கெட் 1996இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் வலியுறுத்தினார்: கிடைக்கும் சிறந்த சான்று, மருத்துவரின் தேர்ச்சி, நோயாளியின் விருப்பம் மூன்றும் கூட வேண்டும். சான்றை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள் அவர் பெயரைச் சொல்லிக்கொள்வது எனக்கு வருத்தம் தருகிறது.

பயன்படுத்தும் விதம் பற்றிச் சில சொற்கள். ஒரு மதிப்பாய்வைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது, சோதனைகளைக் கடைசியாக எந்தத் தேதி வரை தேடினார்கள் என்பதை. வெளியான தேதியைவிட அது முக்கியம். தேடி முடித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால், அதன் பிறகு பெரிய சோதனை ஏதும் வந்ததா என்று வேறிடத்தில் பார்க்காமல் அதை நம்பக் கூடாது. அடுத்து, முடிவுகளின் சுருக்க அட்டவணை. ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே அந்தச் சான்றின் உறுதி அதிகமா, நடுத்தரமா, குறைவா, மிகக் குறைவா என்று போட்டிருக்கும். ஆயிரம் பேரில் எத்தனை பேருக்குப் பலன், எத்தனை பேருக்குக் கேடு என்ற கணக்கும் அங்கேயே இருக்கும். பக்கம் பக்கமாக நீளும் மதிப்பாய்வில் புறநோயாளிப் பிரிவுக்குப் பயன்படுவது பெரும்பாலும் இந்த ஓர் அட்டவணைதான். பொதுமக்களுக்கான எளிய சுருக்கமும் ஒவ்வொன்றிலும் உண்டு. சிலவற்றுக்குத் தமிழிலும் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பின் நடை சில இடங்களில் கரடுமுரடாக இருந்தாலும், நோயாளியின் மகனோ மகளோ படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை, எதைச் செய்யலாம் என்று சொல்லும் அளவுக்கு எப்படிச் செய்வது என்று சொல்வதில்லை. நாள்பட்ட முதுகுவலிக்கு உடற்பயிற்சி பற்றிய 2021ஆம் ஆண்டு மதிப்பாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 249 சோதனைகளைத் திரட்டிய மாபெரும் உழைப்பு. பயிற்சி வலியைக் குறைக்கிறது என்பதற்கு நடுத்தர உறுதியுள்ள சான்று இருக்கிறது என்கிறது. சரி, நாளைக் காலை இந்த அம்மாள் என்ன பயிற்சி செய்ய வேண்டும்? எத்தனை முறை? வலித்தால் நிறுத்துவதா, தொடர்வதா? மூலக் கட்டுரைகளைத் தேடிப் போனால் அவற்றிலும் பல சமயம் போதிய விவரம் இருப்பதில்லை. மாத்திரைக்கு மில்லிகிராம் இருக்கிறது. பயிற்சிக்கும் உணவுக்கும் ஆலோசனைக்கும் அப்படி எழுதும் வழக்கம் ஆராய்ச்சியாளர்களிடம் இன்னும் ஊன்றவில்லை. நானோ எங்கள் இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய கைக்குத் தெரிந்தது எந்த அட்டவணையிலும் இல்லை.

இன்னொன்று, சோதனைகளில் சேர்க்கப்படும் மனிதர்கள். என் நோயாளிகளில் மூத்தவர்களுக்கு ஒரே நேரத்தில் சர்க்கரை, சிறுநீரகக் குறைபாடு, மூட்டுவலி, மறதி எல்லாம் இருக்கின்றன. இத்தகையவர்களைப் பல சோதனைகள் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. ஒரே ஒரு நோய் உள்ளவரிடம் கிடைத்த பலன், ஏழு மாத்திரை விழுங்குபவரிடமும் அப்படியே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இது நூலகத்தின் பிழை அல்ல. கிடைத்த சோதனைகளைத்தானே அவர்கள் சேர்க்க முடியும்? ஆனாலும் படிப்பவர் இதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும்.

நேரமும் ஒரு சிக்கல். அமெரிக்காவில் 1985இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று நோயாளிகளுக்கு இரண்டு என்ற அளவில் மருத்துவர்களுக்குக் கேள்விகள் எழுந்தன. அவற்றில் 30 விழுக்காட்டுக்குத்தான் நோயாளி அங்கே இருக்கும்போதே விடை கிடைத்தது. இணையம் வந்த பிறகு தேடுவது எளிதாகிவிட்டது. நோயாளி எதிரில் இருக்கும்போது நிதானமாகப் படிப்பது எளிதாகவில்லை. இங்கிலாந்தில் ஜான் கேபே, ஆந்திரே லெ மே இருவரும் பொது மருத்துவர்களின் அறைகளில் உட்கார்ந்து கவனித்து 2004இல் எழுதிய கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. மருத்துவர்கள் வழிகாட்டு நெறிகளைத் திறந்து பார்ப்பது மிக அரிது என்று கண்டார்கள். படித்தது கொஞ்சம், சக மருத்துவர் சொன்னது கொஞ்சம், நோயாளிகளிடம் கற்றது கொஞ்சம் என்று எல்லாம் கலந்து மனத்துக்குள் உருவான வழித்தடங்களில்தான் அவர்கள் நடந்தார்கள். இதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். வேலை அப்படித்தான் நடக்க முடியும். ஆகவே நான் நூலகத்தை நோயாளியின் எதிரில் திறப்பதில்லை. அன்றைக்கு எழுந்த கேள்வியை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்த பிறகு படிக்கிறேன். பயிற்சி மருத்துவர்களோடு தேநீர் குடிக்கும்போது அதைப் பற்றிப் பேசுகிறோம். அடுத்த நோயாளிக்கு அது தானாகவே கைக்கு வருகிறது.

குலுக்கல் முறைச் சோதனைக்காக வாதாடிய ஆர்ச்சி காக்ரேனுக்கும் அட்டவணைக்கு அப்பால் இருப்பது தெரிந்தே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அவர் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, சக கைதிகளுக்கு மருத்துவம் பார்த்தார். சாகும் தறுவாயில் இருந்த சோவியத் வீரர் ஒருவர் இரவில் அலறிக்கொண்டிருந்தார். நுரையீரல் உறையின் அழற்சிதான் வலிக்குக் காரணம் என்று காக்ரேன் நினைத்தார். மார்ஃபின் இல்லை; ஆஸ்பிரின் கேட்கவில்லை; இருவருக்கும் பொதுமொழியும் இல்லை. கடைசியில் படுக்கையில் உட்கார்ந்து அவரைக் கைகளில் அணைத்துக்கொண்டார். அலறல் உடனே நின்றது. சில மணி நேரத்தில் அவர் அமைதியாக இறந்தார். அலற வைத்தது வலி அல்ல, தனிமை என்று காக்ரேன் பின்னாளில் எழுதினார். பயிற்சி மருத்துவர்களுக்கு அந்தச் சின்னத்தை விளக்கும்போதெல்லாம் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சின்னத்தில் இருக்கும் ஸ்டீராய்டின் கதையும் 1989இல் முடிந்துவிடவில்லை. மருத்துவமனைகளில் நிரூபணமான ஊசி கிராமங்களிலும் சென்று சேரட்டும் என்ற நல்ல நோக்கத்தில் ஆறு நாடுகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது. சுகாதாரப் பணியாளர்கள் குறைமாதப் பிரசவ அறிகுறியைக் கண்டு ஊசி போடப் பயிற்சி பெற்றார்கள். 2015இல் முடிவு வந்தபோது பலர் அதிர்ந்தார்கள். ஊசித் திட்டம் நடந்த பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 27.4, நடக்காத பகுதிகளில் 23.9. தாய்மார்களிடம் தொற்றும் கூடுதலாகக் காணப்பட்டது. கர்ப்ப வாரத்தைச் சரியாகக் கணிக்க வழியில்லாத இடங்களில், குறைமாதக் குழந்தையைச் சுமக்காத பலரும் ஊசியைப் பெற்றிருந்தார்கள். பிறகு உலக சுகாதார நிறுவனம் வங்கதேசம், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் 29 மருத்துவமனைகளில் மீண்டும் சோதித்தது. இம்முறை கர்ப்ப வாரம் ஸ்கேன் மூலம் உறுதிசெய்யப்பட்டது; பிறக்கும் குழந்தையைக் கவனிக்க வசதி இருந்தது. 2020இல் வெளியான முடிவில், ஊசி பெற்றவர்களின் குழந்தைகளில் 19.6 விழுக்காடும் பெறாதவர்களின் குழந்தைகளில் 23.5 விழுக்காடும் இறந்திருந்தன. மருந்து ஒன்றே. சுற்றியிருந்த ஸ்கேனும் செவிலியரும் ஆக்சிஜனும்தான் வேறு. ஒரு மதிப்பாய்வைப் படிக்கும்போது, இந்தச் சோதனைகள் நடந்த இடத்தில் இருந்தவை என்னிடமும் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்வதை நான் இதிலிருந்துதான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

இந்தச் சேவையில் என்னை மிகவும் கவர்ந்த வசதி, பலரும் கண்டுகொள்ளாத ஒன்று. எந்த மதிப்பாய்வைப் பற்றியும் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாம். ஃப்ளூ காய்ச்சலுக்கான ஓசெல்டமிவிர் மருந்து பற்றிய மதிப்பாய்வைப் படித்த ஜப்பானியக் குழந்தை மருத்துவர் கெய்ஜி ஹயாஷி 2009இல் ஒரு கேள்வி எழுப்பினார். சிக்கல்களை மருந்து குறைக்கிறது என்ற முடிவு பத்துச் சோதனைகளைத் தொகுத்த ஒரு கட்டுரையைச் சார்ந்திருக்கிறது. அந்தப் பத்தில் இரண்டுதானே வெளியாகியிருக்கின்றன, மற்ற எட்டை யார் பார்த்தார்கள் என்று கேட்டார். மதிப்பாய்வாளர்கள் தேடிப் போனார்கள். முழு அறிக்கைகளைப் பெறவே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2014இல் வந்த புதிய மதிப்பாய்வின்படி, பெரியவர்களுக்கு அந்த மருந்து நோயின் தொந்தரவை 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைக்கிறது. மருத்துவமனையில் சேர்க்கும் தேவையைக் குறைப்பதாகக் காணவில்லை. குமட்டலும் வாந்தியும் கூடுகின்றன. இதற்குள் பல அரசுகள் அம்மருந்தைப் பெருமளவில் வாங்கிக் குவித்திருந்தன. குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு மருத்துவர் கவனமாகப் படித்துக் கேட்ட கேள்வியால் ஆராய்ச்சியே திருத்திக்கொண்டது. அறிவு ஆய்வுக்கூடத்திலிருந்து அறைக்கு மட்டும்தான் பாய்கிறது என்று நினைப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

தெரியாததைத் தெரியாது என்று எழுதும் துணிவும் இங்கே உண்டு. தகுதியான சோதனை ஒன்றுகூட இல்லை என்று முடியும் மதிப்பாய்வுகளைப் பார்த்து இளம் மருத்துவர்கள் ஏமாற்றமடைகிறார்கள். எனக்கு அவை விலைமதிப்பற்றவை. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது பல பத்தாண்டுப் பழக்கம். பழைய சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது பலனா கேடா என்று சொல்ல முடியவில்லை. அந்த ஐயத்தைத் தீர்க்கத்தான் பத்தாயிரம் பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. 2004இல் வெளியான முடிவு: இரு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21 விழுக்காடு, பெறாதவர்களில் 18 விழுக்காடு. நல்லது என்று நம்பிக் கொடுத்த மருந்து உயிரைப் பறித்திருக்கிறது. "தெரியவில்லை" என்று யாரோ வெளிப்படையாக எழுதியிருக்காவிட்டால் இன்றும் கொடுத்துக்கொண்டிருப்போம்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? பொது மருத்துவர்களுக்கும் குழந்தை மருத்துவர்களுக்கும் மகப்பேறு மருத்துவர்களுக்கும் தயங்காமல். அவசரச் சிகிச்சைப் பிரிவில் நிற்பவர்களுக்கு, அந்த நிமிடத்துக்கு இது உதவாது; துறை சார்ந்த நல்ல கையேடு வேண்டும். அரிய நோய்களைப் பார்க்கும் நிபுணர்களுக்குக் கிடைப்பது குறைவாக இருக்கும். நோயாளிகளும் குடும்பத்தினரும் எளிய சுருக்கத்தோடு தொடங்கலாம். சுருக்கம் எல்லோருக்கும் இலவசம். முழு மதிப்பாய்வுகளும் வெளியாகி ஓராண்டு கழிந்ததும் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கின்றன. படித்ததை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். நீங்களே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். "இந்தச் சோதனைகளில் என்னைப் போன்றவர்கள் இருந்தார்களா?" என்று அவரிடம் கேளுங்கள்.